அறுபதுக்கு மேல் அணி ஆட்டம்: மைதானத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

கடலூரில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, மகள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தவன் நான். லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்தில் வாரத்தில் மூன்று நாள் காலையில் இருபது இருபத்தைந்து பேர் கூடி விளையாடுகிறோம். எல்லோரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியவர்கள். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் அதே கேள்விகளைக் கேட்கிறார். ஓரமாக நின்று பதில் சொல்லிச் சொல்லி என் ஆட்டம் போய்விடுகிறது. அதனால்தான் இதை எழுதி வைத்தேன்.

நான் டாக்டர் இல்லை. மாத்திரை, நோய் பற்றி இங்கே சொல்வதெல்லாம் டாக்டரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

"நான் தினமும் பீச் ரோட்டுல முக்கால் மணி நேரம் நடக்கறேன் சார். அது போதாதா? இதுல பந்தும் கிந்தும் எதுக்கு?"

நடையை விடாதீர்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு. முக்கால் மணி நேரம் வீதம் ஆறு நாள் என்றால் 270 நிமிடம் ஆகிவிட்டது. அந்த அளவில் நீங்கள் பாஸ். ஆனால் அதே அறிக்கை 65 வயதுக்கு மேல் இன்னும் இரண்டு கேட்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். மூன்று நாளாவது உடம்பின் சமநிலையைச் சோதிக்கிற மாதிரி பலவிதமான அசைவுகள் வேண்டும்.

கடற்கரைச் சாலை சமதளம். வண்டி விடாத நேரத்தில் நேராகப் போய் நேராகத் திரும்புகிறீர்கள். இதயத்துக்கு நல்லது. ஆனால் பக்கவாட்டில் ஓர் அடி வைக்கவோ, சட்டென்று நிற்கவோ, குனிந்து எடுத்து நிமிரவோ அங்கே உடம்புக்கு வேலையே வருவதில்லை. நம் வயதில் விழுகிறவர்கள் பெரும்பாலும் எங்கே விழுகிறார்கள்? குளியலறையில் திரும்பும்போது, பஸ் படியில் இறங்கும்போது. பந்து அந்த அசைவுகளையெல்லாம் நீங்கள் கேட்காமலே உங்களிடம் வாங்கிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. நடைக்கு நீங்கள் போகாவிட்டால் கடல் கவலைப்படாது. ஐந்து பேர் அணியில் நீங்கள் வராவிட்டால் 5.45க்குப் போன் வரும். எங்கள் குழு ஏழாவது வருடமாக நடப்பதற்கு உடம்பைப் பற்றிய அக்கறை காரணம் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் போன்தான் காரணம்.

"ஸ்கூல்ல விளையாடினதோட சரி. இப்ப 64. இனிமே உடம்பு வருமா?"

வரும். டென்மார்க்கில், சராசரியாக 68 வயதான, விளையாடும் பழக்கமே இல்லாத ஆண்களை ஒரு வருடம் கால்பந்து ஆட வைத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய இடுப்புப் பக்கத்துத் தொடை எலும்பின் அடர்த்தி கூடியிருந்தது. வயதானால் எலும்பு குறையும் என்றுதான் நாம் கேட்டிருக்கிறோம். அடியெடுத்து வைப்பதும் நிற்பதும் திரும்புவதும் எலும்புக்குக் கொடுக்கிற சின்னச் சின்ன அதிர்ச்சிகள் அதைத் திரும்பக் கட்ட வைக்கின்றன.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுவரை ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 12 வர வேண்டும். 65 முதல் 69 வரை முறையே 12, 11. குறைந்தால் மனம் தளர வேண்டாம். முதல் மாதம் வீட்டில் அந்த நாற்காலிதான் உங்கள் ஆட்டம். பிறகு மைதானத்துக்கு வாருங்கள். வந்தாலும் முதல் இரண்டு வாரம் பந்தைத் தட்டிக் கொடுப்பதோடு சரி, மேட்ச் கிடையாது.

சொல்லப்போனால், விளையாடவே தெரியாதவரைவிட இளமையில் நன்றாக விளையாடியவரைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். அவர் மனசுக்கு இன்னும் இருபத்தைந்து வயது. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். 61 வயதில் ஒருநாள் தாமதமாக வந்து, உடம்பைச் சூடுபடுத்தாமல் நேராகப் பூப்பந்துக் களத்தில் இறங்கினேன். தலைக்கு மேல் போன பந்துக்குப் பின்னால் எகிறினேன். யாரோ கல்லால் கெண்டைக்காலில் அடித்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. தசை கிழிந்துவிட்டது. ஆறு வாரம் வீட்டில். நாற்பது வருடமாகப் பிள்ளைகளிடம் "வார்ம் அப் பண்ணுடா" என்று கத்தியவன் நான்.

"என்ன விளையாட்டு ஆடறீங்க? எல்லாமே எல்லாருக்கும் ஒத்துவருமா?"

ஒத்துவராது. அதனால் ஆட்டத்தை நம் வயதுக்கு வளைக்கிறோம். நான்கு ஆட்டங்கள் வைத்திருக்கிறோம். எனக்குப் பிடித்தது பூப்பந்து. இறகுப்பந்து இல்லை, மஞ்சள் கம்பளிப் பந்து. தஞ்சாவூரில் பிறந்தது. ஓர் அணிக்கு ஐந்து பேர், களம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். பந்தின் எடை 30 கிராமுக்குள்தான், மேலே பட்டாலும் வலிக்காது. ஐந்து பேர் நிற்பதால் ஒருவர் காக்க வேண்டிய இடம் குறைவு. என் கெண்டைக்கால் புண்ணியத்தில் எங்கள் களத்தில் ஒரு சொந்த விதி உண்டு: தலைக்கு மேல் போகும் பந்தை விட்டுவிட வேண்டும், பின்னோக்கி ஓடக் கூடாது. வாலிபாலில் ஆண்களுக்கான வலையின் உயரம் 2.43 மீட்டர். நாங்கள் தாழ்த்திக் கட்டி, ஒரு முறை தரையில் பட்டு எழும் பந்தையும் செல்லும் என்று வைத்திருக்கிறோம். எகிறி அடிக்கக் கூடாது.

மூன்றாவது நடைக் கால்பந்து. 2011இல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டு ஊரில் தொடங்கியது. ஓடக் கூடாது, எப்போதும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். பந்து தலை உயரத்துக்கு மேல் போகக் கூடாது, ஆளை இடிக்கக் கூடாது. முதலில் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஐந்து நிமிடம் ஆடிவிட்டு வந்து சிரிக்கச் சொல்லுங்கள். நான்காவது பெத்தாங்க், இரும்புக் குண்டு எறிகிற பிரெஞ்சு ஆட்டம். அதற்குத் தனிக் கேள்வியே கீழே வருகிறது.

கபடி வேண்டாம். கிரிக்கெட்டையும் நான் அவ்வளவாக ஆதரிப்பதில்லை. அரை மணி நேரம் சும்மா நின்றுவிட்டு ஒரு ரன்னுக்காகத் திடீரென்று ஓடும்போதுதான் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்கிறது. ஆசை விடவில்லை என்றால் டென்னிஸ் பந்தில் ஆடுங்கள். அடிப்பது நீங்கள், ஓடுவது பேரன்.

"பெத்தாங்கெல்லாம் ஒரு விளையாட்டா? நின்ன இடத்துல நின்னு குண்டு போடறதுல என்ன எக்சர்சைஸ் இருக்கு?"

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கடலூர்க்காரர்கள். புதுச்சேரிக்காரர் கேட்க மாட்டார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தாக்கள் சாயங்காலத்தில் தெருவோர மண் தரையில் இரும்புக் குண்டுகளோடு நிற்பதைப் பார்த்தே இங்கே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது.

அந்த ஆட்டம் பிறந்த கதையே நமக்கானது. தெற்கு பிரான்சில் லா சியோத்தா என்ற துறைமுக ஊர். மூன்று அடி ஓடிவந்து குண்டு எறிகிற ஆட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது. ஜூல் லெனுவார் என்ற நல்ல ஆட்டக்காரருக்கு மூட்டுவாதம் வந்து ஓட முடியாமல் போனது. 1907 வாக்கில் அவருக்காக விதியை மாற்றினார்கள்: யாரும் ஓடக் கூடாது, கால்களை ஊன்றி நின்றுதான் போட வேண்டும். ஊன்றிய கால் என்பதுதான் பெயரின் பொருளும். ஒருவரால் முடியவில்லை என்று அவரை ஓரத்தில் உட்கார வைக்காமல் ஆட்டத்தையே மாற்றியிருக்கிறார்கள், பாருங்கள். நான் மேலே வளைப்பது என்று சொன்னேனே, அது இதுதான்.

சரி, உடற்பயிற்சிக் கணக்குக்கு வருவோம். குண்டு ஒன்று 650 முதல் 800 கிராம். மூவர் அணியில் ஆளுக்கு இரண்டு குண்டு. ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்தில் கிடக்கும் சின்ன மரப்பந்துக்குக் கிட்டே போட வேண்டும், 13 புள்ளிக்கு ஆட்டம். ஓர் ஆட்டம் பன்னிரண்டு சுற்று போனால் 24 வீச்சு, 24 முறை குனிந்து நிமிர்தல். மூன்று ஆட்டத்துக்கு 72. யாராவது "எழுபத்திரண்டு முறை குனிந்து எழுந்திரு" என்று சொன்னால் செய்வீர்களா? (இடுப்புப் பிடிப்பு உள்ளவர்கள் கயிற்றில் கட்டிய காந்தத்தால் குண்டைத் தூக்கலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.) குறையையும் சொல்லிவிடுகிறேன். இதில் மூச்சு வாங்காது. இதயத்துக்கு வேலை குறைவு. பெத்தாங்க் மட்டும் ஆடுகிறவர் முதல் கேள்வியில் சொன்ன நடையை விடவே கூடாது.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டரைப் பாக்கணுமா? அவர் வேணாம்னு சொல்லிட்டா?"

ஏற்கெனவே தினமும் நடக்கிறீர்கள், எந்தத் தொந்தரவும் இல்லை என்றால் மெதுவாகத் தொடங்கலாம். இதய நோய், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, படியேறினால் மார்பு அழுத்தம், தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், வருடக்கணக்கில் உட்கார்ந்தே இருந்திருந்தாலும் கட்டாயம் பார்த்துவிட்டு வாருங்கள்.

"விளையாடலாமா டாக்டர்?" என்று மொட்டையாகக் கேட்டால் அவர் வாலிபர் கால்பந்தை மனதில் வைத்துக்கொண்டு வேண்டாம் என்பார். "ஓடாமல் ஆடும் பந்தாட்டம், 40 நிமிடம், நடுவில் ஓய்வு உண்டு, பேசிக்கொண்டே செய்யும் அளவுதான்" என்று விளக்குங்கள். முடிந்தால் போனில் எங்கள் ஆட்டத்தின் வீடியோவைக் காட்டுங்கள். பதில் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"எனக்கு பிரஷர். வாட்ச்ல 110 தான் காட்டுது, இன்னும் வேகமா ஆடலாமா?"

220இல் வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். 65 வயதுக்கு 155. ஆனால் அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மாத்திரை போடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். உடம்பு முழு வேகத்தில் உழைத்துக்கொண்டிருக்கும்போதும் வாட்ச் 110 காட்டலாம். அதை நம்பி வேகத்தைக் கூட்டாதீர்கள்.

பேச்சை வைத்துப் பாருங்கள். பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் சரியான அளவு. ஒரு வாக்கியத்தை முடிக்குமுன் மூச்சு வாங்குகிறது என்றால் உட்காருங்கள். அன்றைக்குக் காலை பிரஷர் வழக்கத்தைவிட மிக அதிகம் என்றால் ஆட்டம் வேண்டாம், வந்து வேடிக்கை பாருங்கள். ஆடி முடித்ததும் சட்டென்று நிற்காமல் ஐந்து நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள். பிரஷர் மாத்திரைக்காரர்களுக்குத் தலைசுற்றல் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வருகிறது. கடலூரில் இருப்பவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வருகிறவரிடம் பிரஷரையும் பார்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"சுகர் இருக்கு. காலைல வெறும் வயித்துல வந்து ஆடினா நல்லா குறையும்னு சொல்றாங்களே?"

குறையும். சிலருக்கு மயங்கி விழும் அளவுக்குக் குறையும். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமெபிரைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றில் ஆடவே கூடாது. ஆட்டத்துக்கு முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்த ஆபத்து மிகக் குறைவு.

எங்கள் மைதானத்தில் பந்துப் பைக்குள்ளேயே ஒரு டப்பா சர்க்கரை இருக்கும். கை நடுக்கம், திடீர் வியர்வை, காரணமில்லாத கோபம் (இதைக் கவனியுங்கள், நல்ல மனிதர் திடீரென்று அம்பயரைத் திட்டுவார்) வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும். அப்புறம், வெறுங்காலில் ஆடக் கூடாது. கால் மரத்துப்போன சர்க்கரைக்காரருக்கு முள் குத்தியது வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை தெரியாது. ஷூவைக் கழற்றியதும் இரண்டு பாதத்தையும் திருப்பிப் பாருங்கள்.

"முட்டி தேஞ்சிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இன்னும் ஆடினா மொத்தமா தேஞ்சுடாதா?"

முட்டி சைக்கிள் டயர் இல்லை, ஓட்ட ஓட்டத் தேய்வதற்கு. அசைவு இருந்தால்தான் குருத்தெலும்புக்குச் சத்து போகும், தொடைத் தசை பலமாக இருந்தால்தான் முட்டியின் மேல் விழும் பாரம் குறையும். முட்டித் தேய்மானத்துக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வதே பயிற்சியும் எடைக் குறைப்பும்தான். ஆனால் குதித்து இறங்குவதும், காலை ஊன்றியபடி உடம்பைத் திருப்புவதும் ஆகாது. அதனால்தான் எங்கள் வாலிபாலில் எகிறுவது இல்லை.

மறுநாள் காலையை வைத்து முடிவு செய்யுங்கள். ஆடும்போது லேசாக வலித்து, மறுநாள் காலைக்குள் பழையபடி ஆகிவிட்டால் அந்த அளவு சரி. மறுநாளும் வலித்தால் பாதியாகக் குறையுங்கள். வீங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். சிமெண்டுத் தரையைவிட மண் தரை நல்லது. தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் ஆடலாமே என்று கேட்பார்கள். பார்க்க மெத்தை மாதிரி இருக்கும். ஆனால் காய்ந்த மணலில் கால் புதைந்து கணுக்கால் பிசகும், கெண்டைக்காலும் இழுக்கும். அலை வந்துபோன ஈர மணலில் நடப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"ஸ்டென்ட் வச்சு எட்டு மாசம் ஆகுது. வீட்ல கட்டிலிலிருந்து இறங்கவே விடமாட்டேங்கறாங்க."

இதய டாக்டரின் சம்மதம் இல்லாமல் நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன், அதில் பேச்சே இல்லை. சம்மதம் கிடைத்தவர்கள் எங்களிடம் மூன்று பேர் இருக்கிறார்கள். பெத்தாங்கில் ஆரம்பித்து, நடைக் கால்பந்துக்கு வர அவர்கள் மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். பத்து நிமிடம் சூடுபடுத்தாமல் இறங்க விடுவதில்லை. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருந்தால் அது சட்டைப் பையில் இருக்க வேண்டும், ஸ்கூட்டர் பெட்டியில் இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபட்டால், ஒன்றும் தெரியவில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

"ஆடும்போது யாருக்காவது நெஞ்சு வலி வந்துட்டா?"

மார்பில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா வாங்க ஓடாதீர்கள். உட்கார வைத்துவிட்டு 108. புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் அதே எண்தான். சர்க்கரைக்காரர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறலாகவும் அசதியாகவும் வரலாம். ஆள் நினைவிழந்து மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். குழுவில் நான்கு பேராவது இதைக் கற்றிருக்க வேண்டும். தனியாக நடப்பதைவிட இருபது பேருக்கு நடுவில் ஆடுவது பாதுகாப்பு என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

"எல்லாம் ஆம்பளைங்களுக்கே சொல்றீங்க. எங்களுக்கு என்ன இருக்கு?"

நியாயமான கோபம். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகக் குறைவது பெண்களுக்குத்தான், அதனால் இந்த ஆட்டம் ஆண்களைவிட அவர்களுக்கு அதிகம் தேவை. த்ரோபாலும் டென்னிகாய்ட்டும் பள்ளியில் ஆடியவர்கள் நிறைய. வளையத்தைக் கையில் கொடுத்தால் நாற்பது வருடம் கழித்தும் மணிக்கட்டு தானாகத் திரும்புகிறது. காலை ஐந்தரைக்கு அடுப்படியை விட்டு வர முடியாது என்பதால் பெண்கள் அணி மாலை நாலரைக்குக் கூடுகிறது. சுடிதாரும் ஷூவும் போதும். சேலைதான் வசதி என்றால் பெத்தாங்க் ஆடலாம், மற்றதற்கு வேண்டாம், கால் தடுக்கும்.

"(மெதுவா) எகிறினா, தும்மினா யூரின் கசியுது. அதான் வர தயக்கம்."

என் மனைவியிடம் பலர் தனியே கேட்ட கேள்வி. பிள்ளை பெற்றவர்களில் நிறையப் பேருக்கு உண்டு, வயதின் தலைவிதி என்று விட வேண்டியதில்லை. சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்பின் அடித்தளத் தசையை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுவது, நாளுக்கு மூன்று வேளை பத்துப் பத்து முறை. இரண்டு மூன்று மாதத்தில் பலருக்குக் குறைகிறது. குறையவில்லை என்றால் மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். எகிறுவது எங்கள் ஆட்டத்தில் ஏற்கெனவே கிடையாது.

"கத்திரி வெயில்ல என்ன பண்றது? மழைக்காலத்துல?"

மே மாதத்தில் காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடித்துவிடுவோம். நம் ஊரில் வெயிலைவிடப் புழுக்கம் மோசம். கடல் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. வயதானால் தாக உணர்வும் மங்கிவிடும். அதனால் தாகம் எடுக்கிறதோ இல்லையோ கால் மணிக்கு ஒரு முறை ஆட்டத்தை நிறுத்தித் தண்ணீர். மோர் நல்லது, பிரஷர்காரர்கள் உப்பு போடாமல். நீர் போகும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும், தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகளும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐப்பசி கார்த்திகையில் தரை வழுக்கும். ஈரத் தரையில் ஆட்டம் இல்லை என்பதில் நான் கறார். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது மைதானம் குளமாகிவிட்டது. அந்த நாட்களில் ஒருவர் வீட்டு மாடித் தாழ்வாரத்தில் நாற்காலிப் பயிற்சியும் ஒற்றைக்கால் நிற்பதும்தான். பிறகு டீ.

"டென்னிஸ் ஆடினா பத்து வருஷம் கூடுதலா வாழலாம்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே, உண்மையா?"

பாதி உண்மை. கோபன்ஹேகனில் 8,577 பேரை 25 வருடம் வரை கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. உட்கார்ந்தே இருப்பவரோடு ஒப்பிட்டால் டென்னிஸ் ஆடியவர்களின் ஆயுள் 9.7 ஆண்டு கூடுதல். இறகுப்பந்து 6.2, கால்பந்து 4.7, சைக்கிள் 3.7, நீச்சல் 3.4, மெது ஓட்டம் 3.2, உடற்பயிற்சிக் கூடம் 1.5. ஆனால் டென்னிஸ் ஆடுகிறவர் பொதுவாக வசதியும் படிப்பும் உள்ளவர், அதற்காகவே நீண்ட காலம் வாழ்ந்திருக்கலாம். ஆட்டம்தான் காரணம் என்று இந்த ஆய்வால் நிரூபிக்க முடியாது என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

என் கண் நின்றது அந்த வரிசையில். எதிரிலோ பக்கத்திலோ இன்னொரு மனிதர் இருந்தே ஆக வேண்டிய ஆட்டங்கள் மேலே நிற்கின்றன. தனியாகச் செய்வதெல்லாம் கீழே. 2010இல் 148 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பும், உறவும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்றது. மறுபடியும் அந்த 5.45 போன்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

"மறதி நோய் வராம தடுக்குமா?"

தடுக்கும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். 2024இல் லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு, மறதி நோய்க்குக் காரணமாகி நாம் மாற்றக்கூடியவை என்று 14 காரணிகளைப் பட்டியலிட்டது. உடலுழைப்பின்மை, தனிமை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் அதில் உண்டு. ஓர் அணி ஆட்டம் இவற்றில் நாலைந்தை ஒரே நேரத்தில் தொடுகிறது என்று மட்டும் சொல்லலாம். அந்தப் பட்டியலில் காது கேளாமையும் இருக்கிறது. "பந்து வருது" என்று கத்தியும் திரும்பாத ஒருவரைக் காது மருத்துவரிடம் அனுப்பியதே எங்கள் அணிதான். வீட்டில், வேண்டுமென்றே கேட்காதது போல் இருக்கிறார் என்று நினைத்திருக்கிறார்கள்.

"உங்க குரூப்ல தினமும் சண்டையாமே? பிரஷர் குறைக்க வந்து ஏத்திக்கணுமா?"

சண்டை உண்டு. அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, கோட்டுக்கு வெளியே என்று ஆட்டோ ஓட்டியவர் சொன்னால் முதலில் பொறுக்காது. ஒரு முறை இரண்டு சம்பந்திகள் ஒரு புள்ளிக்காக மூன்று வாரம் பேசவில்லை, நடுவில் ஒரு வளைகாப்பு வேறு. அதன்பிறகு சில ஏற்பாடுகள் செய்தோம். அணியை அன்றன்றைக்குச் சீட்டுப் போட்டுப் பிரிப்போம், நிரந்தர அணி கிடையாது. சந்தேகமான பந்தை மறுபடி ஆட வேண்டும். பந்தயப் பணம், டீச் செலவு அளவுக்குக்கூடக் கிடையாது.

ஆனால் சண்டையே இல்லாத ஆட்டம் வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் யாரும் நம்மோடு சரிக்குச் சமமாக வாதாடுவதில்லை. "சரிப்பா, விடுங்கப்பா" என்று விலகிவிடுகிறார்கள். மைதானத்தில் மட்டும்தான் நம் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு இருக்கிறது.

"அம்மா போனதிலிருந்து அப்பா ரூமை விட்டே வர்றதில்லை. அவரை எப்படிக் கூட்டிட்டு வர்றது?"

"உடம்புக்கு நல்லதுப்பா" என்று சொல்லாதீர்கள். உடம்பு நன்றாக இருந்து என்ன ஆகப்போகிறது என்ற இடத்தில் அவர் இருக்கிறார். ஒரு வேலை கொடுத்துக் கூப்பிட வேண்டும். "எங்களுக்கு ஓர் ஆள் குறையுது ஐயா, குண்டு தூரத்தை அளக்கணும்" என்று நாங்களே வீட்டுக்கு வருகிறோம். முதல் நாள் உட்கார்ந்து பார்ப்பார். இரண்டாம் வாரம் "அது கிட்ட இல்லை, இதுதான் கிட்ட" என்பார். அதுவரை யாரும் அவரை ஆடச் சொல்ல மாட்டோம். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, வாழ்ந்து என்ன என்கிறார் என்றால் மைதானத்துக்காகக் காத்திருக்காதீர்கள், மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஜிப்மரில் அதற்குத் தனித் துறையே இருக்கிறது.

"எந்த வயசுல நிறுத்தணும்?"

வயதை வைத்து நாங்கள் யாரையும் நிறுத்துவதில்லை. இரண்டாவது பதிலில் உள்ள நாற்காலிச் சோதனையை ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் வைக்கிறோம். பத்து விநாடி ஒற்றைக்காலில் நிற்கவும் சொல்கிறோம். எண்ணிக்கை இறங்கினால் பூப்பந்திலிருந்து நடைக் கால்பந்துக்கு, அங்கிருந்து பெத்தாங்குக்கு. வருடத்தில் இரண்டு முறை விழுந்தவர் காரணம் தெரியும்வரை பந்தைத் தொடக் கூடாது.

பெத்தாங்கும் முடியாதவர் ஸ்கோர் எழுதுகிறார். இப்போது எழுதுகிறவருக்கு 81 வயது. பேத்தியின் பழைய சிலேட்டும் சாக்பீசும் கொண்டு வருவார், தன் மச்சினன் அணிக்குக்கூட ஒரு புள்ளி கூட்டிப் போட மாட்டார். அவர் வராத நாட்களில் இரண்டு அணியும் தாங்கள்தான் ஜெயித்தோம் என்று வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்கிறோம்.